நானூற்றுப் பதினோரு விதிகள்

நெப்ராஸ்காவில் ஒரு சிறு நகரத்து நூலகம். அதன் விசாரணை மேசையில் வெர்னா ஹ்ருஸ்கா முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தாள். 1988 கோடையில் டுவைட் என்ற கணினிக்காரன் வந்தான். யார் என்ன கேட்டால் எந்தப் புத்தகத்தை எடுப்பீர்கள் என்று அவளைக் குடைந்து குடைந்து கேட்டு, கணினிக்கு விதிகளாக எழுதினான். நானூற்றுப் பதினொன்று தேறின.

ஒன்றை அவள் சொல்லவில்லை. வந்தவர் கேட்டதும் அவள் உடனே எழ மாட்டாள். கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைப்பாள். எதற்கு என்று கேட்பது அந்த மேசையில் மரியாதை இல்லை. துடைத்து முடிப்பதற்குள் அவர்களே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். டுவைட் நேரம் குறித்துக்கொண்டிருந்ததால், மந்தம் என்று எழுதிவிடுவானோ என்ற கூச்சத்தில் அவள் கண்ணாடியைத் தொடவேயில்லை.

அக்டோபர் மாதம் சோதனை. கணினிதான் பதில் சொல்லும். வெர்னா குறுக்கிடக் கூடாது. லோவெல் என்ற சோளக்காட்டுக்காரர் வந்து, 'கிணற்றுத் தண்ணீர்' என்று ஒற்றை விரலால் தட்டினார். கிணறு தோண்டுவது பற்றி மூன்று புத்தகங்களின் பெயர் அச்சாகி வந்தது.

"பதினோரு செகண்டு!" என்றான் டுவைட், கடிகாரத்தைப் பார்த்தபடி. "அதுக்குள்ள நீங்க நாற்காலிய விட்டே எழுந்திருக்க மாட்டீங்க, மேடம்."

"என் முட்டிக்கு நீ இன்னும் விதி எழுதலயே, தம்பி."

லோவெல் சீட்டோடு நகராமல் நின்றார். கேட்டு முடிக்காதவர் நிற்கும் நிற்பு அது. வெர்னாவின் கை கண்ணாடிக்குப் போனது. டுவைட் வேண்டாமென்று தலையசைத்தான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி நோரீன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"நாலு மாசப் பிள்ள. உதடு நீலமா ஆகிட்டே இருந்துச்சு. தண்ணியாலயோன்னு அவருக்கு ஒரு சந்தேகம். அதான் இங்க வந்தாரு. கிணத்த ஆழமாக்கினா சரியாயிடும்னு நெனச்சுட்டாரு. நான் அதே தண்ணியிலதான் பால் பவுடர் கலக்கிட்டிருந்தேன். வயல் உரம் எறங்கியிருந்துச்சாம். எல்லாம் முடிஞ்ச அப்புறமாத்தான் டாக்டர் சொன்னாரு."

அந்த 'அப்புறமா'வைக் கேட்டதும் வெர்னா திரும்பிப் பார்த்தாள். கிணற்றில் உரம் இறங்கினால் கைக்குழந்தைக்கு என்ன ஆகும் என்ற நான்கு பக்கத் துண்டறிக்கை, அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது.

அன்று மாலை டுவைட்டிடம் சொன்னாள்.

"இன்னொரு விதி எழுது, தம்பி. கேட்டதும் பதில் சொல்லாம காத்திருக்கணும்."

"எத்தன செகண்டு?"

"அவங்க பேசுற வரைக்கும்."

அவன் எழுதவில்லை. 

"இத ஏன் மேடம் முன்னாடியே சொல்லல?"

வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.