பூக்கூடையில் கிடந்த போன்கள்

சண்முகவடிவுக்கு ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்தது தி.நகரில், அப்பாவின் ஜவுளிக்கடையில். நாள் முழுக்க நின்றே கிடந்த விற்பனைப் பெண்களைப் பார்த்து, "இவங்க ஏன்ப்பா உட்காரக் கூடாது?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். ஐம்பது வயதாகியும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு புதுக் கருவியும் பெண்களின் வேலையை என்ன செய்தது என்று எழுதுவதே பிழைப்பு. ஆனால் எதையும் நேரத்துக்கு முடித்ததாகச் சரித்திரம் கிடையாது.

அன்று காலை அவளுடைய கட்டுரை ஆய்விதழில் வெளிவந்தது. மதியத்துக்குள் யாரோ ஊரெல்லாம் பகிர்ந்துவிட்டார்கள். திரும்பப் படித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. செயலி வழியாக வீடு சுத்தம் செய்யப் போகும் ஜோதிலட்சுமியின் பெயரை மாற்றியிருந்தாள், பூக்கூடையை மாற்றவில்லை. போன் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் செயலி வேலை தரும்; அது தி.நகரில் இருந்தால்தான் அங்கே வேலை வரும். அதனால் பெண்கள் போன்களைப் பூக்காரியின் கூடையில் போட்டுவிட்டு, நடுவில் வீட்டுக்கு ஓடிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருவார்கள். அதை அப்படியே எழுதித் தொலைத்திருந்தாள். கம்பெனிக்காரன் படித்தால் ஜோதியின் வேலை போச்சு. கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது.

படித்தவளின் புத்தி இவ்வளவுதான். ஆட்டோ பிடித்துச் சிந்தாதிரிப்பேட்டையில் ஜோதியின் வீட்டுக்கு ஓடினாள்.

ஜோதி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "போன் பக்கெட்டுல உயுந்துட்ச்சி மேடம், ரிப்பேருக்குக் குடுத்துக்கீறேன். இன்னா, மூஞ்சி பேயறைஞ்சாப்ல கீது?"

சண்முகவடிவு எல்லாவற்றையும் கொட்டினாள். "கூடையைப் பத்தி எழுதலாமான்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல ஜோதி. தப்பு என்னோடதுதான்."

ஜோதி மீனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அந்தக் கூடையா? அத்த போன வருசமே கம்பெனிக்காரன் கண்டுபுட்ச்சிட்டான் மேடம். எல்லாரும் பண்ணதால ஒருத்தியையும் தூக்கல. இப்பல்லாம் போன் நம்ம கைலதான் கீதுன்னு காட்ட அடிக்கடி மூஞ்சிய போட்டோ புட்ச்சி அனுப்பணும். நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள ஊரே மாறிப்பூட்ச்சி."

சண்முகவடிவு படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. வாழ்நாளெல்லாம் திட்டு வாங்கித் தந்த தாமதத்துக்கு இன்றைக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது.

"ஆனா அதுக்கும் வேற வயி கீது," ஜோதி குரலைத் தாழ்த்தினாள். "சொல்லட்டா?"

கேள்வி கேட்டே பிழைத்தவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம் தாயே. நீ மீனைக் கழுவு."