தூக்கிக்கொண்டு ஓட ஒரு மடிக்கணினி

பிள்ளைகளே, போர் முடிந்து அடம்பனில் மீள்குடியேறிய பிறகு, கட்டட வரைபடம் கீறப் படிக்கும் என் மகளுக்கு மடிக்கணினி வாங்க மன்னார்க் கடையொன்றுக்குப் போனோம்.

மேசையில் இரண்டு இருந்தன. நான் ஒவ்வொன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு கதவுவரை வேகமாக நடந்து பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார்.

"அண்ணை, கோழியோ வாங்க வந்தனீங்கள்?"

"உம்மட வேலையைப் பாரும்!" என்று சீறினேன். "பாரம் குறைஞ்சதைத் தாரும்."

"அதில என்ர படங்கள் திறக்கவே திறக்காது, அப்பா. மற்றதுதான் வேணும்," என்றாள் மகள்.

"வாயை மூடு! ஷெல் விழேக்க அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவியோ?"

மகள் என்னை முறைத்தாள்.

"நான் படிக்கத்தான் கேட்டனான். நீங்கள் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறியள். நான் ஓடமாட்டன்."

கோபம் அடங்கவில்லை; ஆனாலும் கனமானதையே வாங்கினேன்.

மறுநாள் அவள் மேசையில் படம் கீறத் தொடங்கினாள். ஓட நேர்ந்தால் எடுக்கவென்று கதவருகே நான் தொங்கவிட்டிருந்த துணிப்பையை இறக்கி, உள்ளே இருந்த உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினேன். அவள் அன்று என்னோடு சண்டை பிடித்திருக்காவிட்டால், அந்தப் பை இன்றும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.