கேட்காமலே தீர்ந்த புத்தகம்

யாருமே கேட்காமல் ஒரு புத்தகத்தைத் தீர்த்துவிட முடியுமா? மலாக்காவில் ஒரு பொது நூலகத்தில் ஒப்பந்த ஊழியராக வேலை செய்தபோது, ஒரு விழாவுக்குப் பிறகு இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. முடியும் என்பதே விடை. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் நூலகத்தின் கைப்பேசிச் செயலியில் மற்ற மொழி ஒலிநூல்கள் முன்பே இருந்தன. நெடுநாள் கோரிய பிறகு தமிழில் சிலவற்றை வாங்க அனுமதி கிடைத்தது. ஒலிநூல் எத்தனை பேர் கேட்டாலும் தேயாது என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் வாங்கிய நூல்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் இத்தனை இரவல்கள்தான் என்று விற்பவர் வரம்பு வைத்திருந்தார். ‘போரோ’ எனும் இரவல் பொத்தானை ஒருவர் அழுத்தினாலே அதில் ஒன்று கழியும். அவர் கேட்டாரா இல்லையா என்பது கணக்கில் வராது. வரம்பு முடிந்தால் நூல் செயலியிலிருந்து நீங்கிவிடும்.

விழாவுக்கு முன்பே அவற்றை உண்மையாகக் கேட்கத் தொடங்கியவர் ஒருவர்தான். கிளேபாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் அவர். சர்க்கரை நோயில் பார்வை போன பிறகு கடையை மகன் நடத்துகிறார். நாங்கள் எல்லாரும் அவரை மாமா என்றே அழைப்போம். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு, நீண்ட நாவல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனைத் தேடி, புயலில் தனியே படகெடுத்த ஒரு பெண்ணின் கதை அது. மற்றொரு காது வாடிக்கையாளர்களுக்கு.

“கண்ணு இருந்தப்பகூட நான் இவ்ளோ படிச்சதில்லம்மா. வெங்காயம் கேட்டு வர்றவங்களதான் நிக்க வச்சிடுறேன்,” என்று சிரித்தார்.

அறிமுக விழாவை ஊர்த் தமிழ் அமைப்பு ஒன்று ஏற்று நடத்தியது. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் இருந்தன. மேடைத் திரையில் ஒவ்வொரு மொழி நூலும் அன்று எத்தனை முறை இரவல் போயிற்று என்பது ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அமைப்பின் தலைவருக்கு ஆவேசம் வந்துவிட்டது.

“எல்லாரும் போன எடுங்க! தமிழ் புக்கு எதுவா இருந்தாலும் சரி, போரோ பட்டன அமுக்குங்க. நம்ம பலம் என்னான்னு இன்னிக்குத் தெரியணும்!”

நான் மேடையோரம் ஓடிப்போய் அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன்: “அண்ணே, வேணாம். ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு இரவல் போயிடும். தீந்துட்டா புக்கே இருக்காது.”

“நல்ல காரியம் நடக்கறப்ப குறுக்க வராத தங்கச்சி. தீந்தா இன்னும் வாங்குவாங்கலா!” என்று எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’வை இழுத்தார்.

அரங்கம் முழுவதும் விரல்கள் அழுத்தின. வாட்ஸப் குழுக்களுக்கும் செய்தி பறந்தது. அலோர் காஜாவிலிருந்தும் ஜாசினிலிருந்தும் ஆட்கள் வீட்டில் இருந்தபடியே அழுத்தினார்கள். திரையில் எண் ஏற ஏறக் கைதட்டல். “ஏறிடுச்சிலா, ஏறிடுச்சிலா!” என்று ஒருவர் துள்ளிக் குதித்தார். பிறகு எல்லாரும் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு கறிபாப் பலகாரம் தின்னப் போனார்கள். எண்ணெய் படிந்த காகிதத் தட்டுகளை நாற்காலிகளுக்கு அடியிலேயே விட்டுச் சென்றார்கள். அவற்றைப் பொறுக்கியபோது எனக்கு வந்த அருவருப்பு அந்தத் தட்டுகளால் வந்ததல்ல.

சில நாள் கழித்து மாமா அழைத்தார். அவருடைய இரவல் காலம் முடிந்து, நாவல் தானாகவே கைப்பேசியிலிருந்து மறைந்திருந்தது. மீண்டும் எடுக்க முயன்றால் கிடைக்கவில்லை. நான் கடைக்கே போய், விழாவில் நிறையப் பேர் எடுத்ததில் இரவல்கள் தீர்ந்துவிட்டதைச் சொன்னேன்.

“அப்ப அவ்ளோ பேரு கேட்டுட்டாங்களா?” அவர் முகத்தில் மகிழ்ச்சிகூடத் தெரிந்தது. “சரி, பரவால்ல. அந்தப் பொண்ணு கரை சேந்துச்சா இல்லியான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா. படகு கவுந்த எடத்துல நிக்குது.”

அந்த நாவலின் அச்சுப்படி எங்கள் அலமாரியில் இல்லை. அன்று மாலையே அமைப்பின் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: ‘நாவலை இரவல் பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்தப் பெண் கரை சேர்ந்தாளா?’

கைகூப்பும் படங்கள் வந்தன. கட்டைவிரல்கள் வந்தன. ‘அருமையான முயற்சி, வாழ்த்துகள்’ என்றார் ஒருவர். ‘எந்தப் பொண்ணு? போலீஸ்ல சொல்லியாச்சா?’ என்றார் மற்றொருவர். அதற்குக் கீழே ரோஜாப்பூ வைத்த ஒரு வணக்கம். கடைசியில் தலைவரே அழைத்தார்.

“எதுக்கும்மா குரூப்புல இதெல்லாம் கேக்குற? எல்லாருக்கும் சங்கடமா இருக்கு.”

“நீங்க அந்தக் கதைய கேட்டீங்களாண்ணே?”

“எனக்கு எங்க டைம் இருக்கு? நம்ம ஆதரவ காட்டினோம்ல, அது போதாதா?”

அவர் கெட்டவர் அல்லர். வெள்ளத்தின்போது அரிசி மூட்டையைத் தம் தோளில் சுமந்தவர். அதனால்தான் அந்தப் பதில் என்னை மேலும் அருவருக்க வைத்தது. மொழியை மேடையேற்றி மாலை போடுவதற்கு ஆயிரம் கைகள் உண்டு. அது பேசும்போது கேட்பதற்கு ஒரு காது இல்லை. ஒரு பொதுச் சொத்தை அன்பின் பெயரால் அழிப்பவர்களிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவர்களே தங்களைக் கேட்டுக்கொள்வதுமில்லை.

நூல்களைப் புதுப்பிக்க நான் விண்ணப்பித்தேன். என் மேலதிகாரி மலாய்ப் பெண்மணி. தமிழ் நூல்கள் மேல் அவருக்கு எந்தக் காழ்ப்பும் கிடையாது. செயலி காட்டிய கேட்பு நேரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏறத்தாழ ஒன்றுமில்லை. “உங்கள் ஆட்கள் எடுக்கிறார்கள், ஆனால் கேட்பதில்லையே,” என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். மறுத்துச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரே ஒரு மளிகைக் கடைக்காரர். அவரைப் பற்றிச் சொன்னேன். வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார், ஒருவருக்காக வாங்க வழியில்லை என்றார்.

தமிழ் ஒலிநூல்கள் மீண்டும் வாங்கப்படவில்லை. நான் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். மாமா இப்போது மலாய் ஒலிநூல்களைக் கேட்கிறார்.