புல்பியேர்க் பாறையில் ஒற்றைக் குஞ்சு

ஓகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்று. காலை ஒன்பது மணிக்கு ஓல்போர்க்கிலிருந்து புறப்பட்டோம். திங்கட்கிழமை என் பத்து மாத மகள் ஆதிரை குழந்தைகள் காப்பகத்துக்குப் போகத் தொடங்க வேண்டும். அங்கே மதியத் தூக்கம் திறந்த வெளியில், தள்ளுவண்டிக்குள், குளிர்காலத்திலும் அப்படித்தான். டேனிஷ்காரர் வழக்கம் அது. அனுப்புவதா, என் விடுப்பை இன்னும் இரண்டு மாதம் நீட்டிக் கேட்பதா என்று நான் முடிவெடுத்திருக்கவில்லை.

"கடற்காத்துப் பட்டால் உமக்குத் தலை தெளியும்," என்றார் கணவர்.

மேற்கே ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். வழியில் இரண்டு தடவை காரை நிறுத்தச் சொன்னேன். முதலில் அவளுடைய தொப்பிக்காக. பிறகு, மூச்சு சீராக வருகிறதா என்று பார்க்க.

பத்தரை மணி. புல்பியேர்க், கடலுக்கு மேல் எழும் சுண்ணாம்புப் பாறை. உச்சியில் பழைய போர்க்காலக் காங்கிரீட் அரண். அதன் காற்று மறைவில் தள்ளுவண்டியை நிறுத்தினோம். ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள். வேலியோரம் நின்ற டேனிஷ் பெண்மணி தன் தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னார். பாறை விளிம்பில் சாம்பல் பஞ்சு உருண்டை போல ஒரு குஞ்சு, தன்னந்தனியாக.

மல்லமூக் என்பது இங்கே அதன் பெயர். வடதுருவப் பனிக்கடல்களின் பறவை. இந்த நாட்டில் சில சோடிகள் மட்டுமே கூடு கட்டுகின்றன. வருடத்துக்கு ஒரே முட்டை. உடைந்தால் அந்த வருடம் வேறில்லை. குஞ்சுக்கு இரண்டு வாரம் ஆனதும் தாயும் தகப்பனும் அதைத் தனியே விட்டு இரை தேடக் கடலுக்குப் போய்விடும். யாராவது நெருங்கினால் குஞ்சு வயிற்றிலிருந்து நாறும் எண்ணெயை அவர்கள்மேல் துப்பும். இதையெல்லாம் அந்தப் பெண்மணி நிதானமாகச் சொன்னார்.

"குஞ்சு தனியக் கிடக்கு. ஆரிட்டையாவது சொல்ல வேணும்," என்றேன் கணவரிடம்.

"ஆரிட்ட? நகரசபைக்கோ? தாய் தகப்பன் கவனிக்கினம் இல்லையெண்டு பெட்டிசம் போடப்போறீரோ?"

தாய்ப்பறவை வந்தால் திங்கட்கிழமை அனுப்புவது என்று மனதுக்குள் முடிவுசெய்து காத்து நின்றேன். பதினொன்றரை ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. "போவமே?" என்றார் அவர். "கொஞ்சம் பொறுங்கோ," என்றேன்.

ஆதிரை விழித்துச் சிணுங்கினாள். பிசைந்த வாழைப்பழம் கொடுத்தேன். அந்தப் பெண்மணி அவள் முகத்தருகே குனிந்து சிரித்தார். அவ்வளவுதான், வாய் நிறைய இருந்த பழம் முழுவதும் அவர் மேலங்கியில்.

நான் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். அவரோ சிரிப்பை அடக்க முடியாமல், "இதுவும் மல்லமூக்தான்," என்றார்.

துடைத்துக்கொண்டிருக்கையில் கணவர் கூப்பிட்டார். "இஞ்ச, வந்திட்டுது."

ஓடிப்போய்ப் பார்த்தபோது குஞ்சின் அலகு பெரிய பறவையின் வாய்க்குள் இருந்தது. சற்று நேரத்தில் பெரியது விறைத்த சிறகுகளோடு காற்றில் சாய்ந்து மறுபடி கடலுக்குப் போயிற்று.

"அவ்வளவுதானோ? கொஞ்ச நேரம் இருக்கக்கூடாதோ?"

"சாப்பாடு குடுத்தாச்சு. வேலைக்குப் போகுது," என்றார் அவர்.

திரும்பும் வழியில் காரை ஒரு தடவைதான் நிறுத்தச் சொன்னேன்.

ஞாயிறு மதியம் ஆதிரையைத் தள்ளுவண்டியோடு முற்றத்தில் தூங்கவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். யன்னல் திரையை மட்டும் மூடவில்லை.