மைக்கில் ஒன்று, தாலுகா ஆபீஸில் ஒன்று

"…அந்த மாதிரி ஒரு வார்த்த என் வாயில வரவே வராதுங்க மேடம். எல்லாரும் நம்ம ஜனங்கதான். எவனோ கட்டி உட்ட கதை."

ஆரணி தாலுகா ஆபீஸில் தாசில்தார் அம்மா முன்னால் இதைச் சொன்னவர் ஒரு கட்சியின் நகரத் தலைவர். வேட்டி மடிப்புகூடக் கலையவில்லை. மூன்று நாள் முன்பு பஜார் கூட்டத்தில் அவருக்கு மைக் போட்டவன் நான். அன்றைய கேசட் என் மடியில் இருந்த பையில் இருந்தது.

படிப்பு ஏழாவது. மைக்செட் தொழில் முப்பது வருடம். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு லைன் இழுத்து டேப்பில் பதிந்துவிடுவேன். உளவு பார்க்க அல்ல. பேச்சு எடுபடாவிட்டால், "மைக்கு சரியில்ல" என்று பழி நம் தலையில் விழும். அதற்குப் பதில்தான் அந்தக் கேசட்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அன்று அவர் பேச வந்தது பட்டு நூல் விலையைப் பற்றி. விலை ஏன் ஏறியது என்று அவருக்குத் தெரியாது. தெரியாதவர் என்ன செய்வார்? ஆளைக் காட்டினார்.

"நூல் கடைல குந்திகினு இருக்கறவன் மூஞ்சியப் பாரு, கலரப் பாரு! ரத்தமே நம்ம ரத்தம் இல்ல. வந்த ரயில்லயே ஏத்தி உடணும்!"

கைதட்டலில் பஜாரே அதிர்ந்தது. மறுநாள் காலையில் இரண்டு நூல் கடைகளின் போர்டை உடைத்தார்கள். ஒன்று ராஜஸ்தான் சேட்டுடையது. இன்னொன்று நயினாருடையது. நயினார் தேசூர் பக்கத்துச் சமணர். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அங்கே நெல் விளைவித்த குடும்பம், வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. உடைத்த வீரர்களுக்கு ஜைனர் என்றாலே சேட்டுதான். தலைவருக்கு ஏற்ற தொண்டர்கள்.

தப்பு தெரிந்ததும் தலைவரின் ஆள் ஓடிவந்தான். "உங்களுது தெரியாம நடந்துபோச்சு நயினாரே. நீங்க நம்மாளு. சேட்டு கத வேற."

நயினார் மூடிய கடையின் ஷட்டரில் சாய்ந்து நின்றபடி கேட்டார்: "அப்போ அவரு போர்ட ஒடச்சது தெரிஞ்சு செஞ்சதா? நான் நம்மாளுன்னு சொல்லிகினு நான் மட்டும் கட தொறக்கணுமா? பேசினவரு தப்புன்னு எழுதிக் குடுக்கட்டும். ரெண்டு கடையும் ஒண்ணா தொறக்கும்."

எத்தனையோ பேரின் பேச்சை ஹார்ன் ஸ்பீக்கரில் ஏற்றியிருக்கிறேன். இவர் பேச்சுக்கு மைக்கே தேவைப்படவில்லை.

அந்த ஆள் என்னிடமும் வந்தான். "இன்னா மைக்கு, அந்த கேசட்ல ஏதாவது பாட்ட ஏத்திடு. எலக்‌ஷன் வருது, எல்லாக் கூட்டமும் உனுக்குதான்."

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்தை இங்கே மறைக்கப் போவதில்லை.

அடுத்த நாள் சேட்டு என் கடைக்கு வந்தார். பதினைந்து வருடமாக என்னோடு டீ குடித்தவர். "அண்ணே, பொண்ணு கல்யாணத்துக்குச் சொல்லிவெச்ச மைக்செட் வேணாம். கல்யாணம் இங்க இல்ல. நாங்களும் இங்க இருக்கப் போறதில்ல." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரை ரயில் ஏற்றச் சொன்ன குரல் என் ஹார்ன் வழியாகத்தானே போனது?

இளைய ஆபரேட்டர்களே, 'நாம் ஒயர் இழுப்பவர்கள்தானே, பேச்சு அவர்களுடையது' என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வால்யூமை ஏற்றிய கைக்கும் பொறுப்பு உண்டு. ரிக்கார்டை அழிக்காதீர்கள். கேட்டால் எடுத்துக் கொடுங்கள். அந்தக் கட்சி அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. காது குளிர்ந்தது.

தாலுகா ஆபீஸுக்கு வருகிறேன். தாசில்தார் அம்மா வெள்ளைத் தாளை மேஜைமேல் வைத்தார். "நீங்க பேசினது நிஜம்னா, மன்னிப்பு எழுதிக் குடுக்கணும். சம்மதமா?"

"நிஜம்னாதானேங்க!" தலைவர் சிரித்தார்.

புகார் கொடுத்த சேட்டும் நயினாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் டேப்ரிக்கார்டரை மேஜையில் வைத்து, பையிலிருந்த கேசட்டைப் போட்டு ப்ளேயை அமுக்கினேன். மூஞ்சி வந்தது, கலர் வந்தது, ரத்தம் வந்தது, ரயிலும் வந்தது.

"இது என் கொரலே இல்லீங்க மேடம், எவனோ மிமிக்ரி…" என்று தலைவர் எழுந்தார். அதற்குள் டேப்பில் கைதட்டல் பொங்கியது. எங்கே நிற்கிறோம் என்பதே மறந்து, முகமெல்லாம் பூரித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.