பால்மாப் பேணிக் குளிசை

எடியே, ஆர் உன்னை அலுமாரியைக் கிண்டச் சொன்னது? சீலை எடுக்கப் போனவள் சீலையோடை வந்திருக்க வேணும். அடியிலை கிடந்த புத்தகத்தை உருவி எடுத்து, அந்த இங்கிலிசை இருந்து வாசிச்சுப்போட்டு, இப்ப வந்து என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய். படிச்ச பிள்ளையளோடை இதுதான் கரைச்சல். எழுத்தைக் கண்டால் விடாதுகள். நான் ரெண்டாம் வகுப்போடை நிண்டனான். எழுத்தாலை எனக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை, இந்தப் புத்தகத்தைத் தவிர.

ஓம், அது எனக்குத் தந்த புத்தகம்தான். எழுதின டொக்டரம்மாவே கொண்டு வந்து கையிலை தந்தவ. சண்டை கொஞ்சம் ஓஞ்சிருந்த நேரம் அவ ஒழுங்கை ஒழுங்கையா, சந்து பொந்தெல்லாம் வந்து, வீட்டிலை என்ன மருந்துக் குளிசை வைச்சிருக்கிறியள், ஆரைக் கேட்டுக் குடிக்கிறியள், மிச்சத்தை என்ன செய்யிறியள் எண்டு கேட்டுக் கேட்டு எழுதினவ. கிருமிக்குக் குடுக்கிற மருந்தைச் சனம் தங்கட எண்ணத்துக்கு விழுங்கினால் நோயாளிக்கு என்ன ஆபத்து வரும் எண்டதுதான் அதிலை கிடக்கு. பேர் ஒருத்தரின்டையும் போடேல்லை. ஆனால் நீ மோப்பம் பிடிச்சிட்டாய். நண்டுக்கறி எண்டு டொக்டருக்குப் பொய் சொன்ன தாய் ஆர் எண்டு கேக்கிறாய்.

நான்தான். அந்தப் பொய்யாலை சாகப் பாத்தது உன்ர அம்மா. இப்ப சந்தோசமே? இரு, வெத்திலையைப் போட்டிட்டுச் சொல்லுறன்.

அப்பவும் நாங்கள் இந்த ஒழுங்கைதான். முன்னுக்கு நேவிக்காரன்ர கம்பிவேலி, பின்னுக்குக் கடல். துறைமுகப் பக்கம் ஒரு வெடி கேட்டால் காணும், ரோட்டைப் பூட்டிப்போடுவான்கள். ரோட்டைப் பூட்டினால் பாமசியும் இல்லை, ஆசுபத்திரியும் இல்லை. அதாலை ஒழுங்கைக்கு எண்டு, பால்மா வந்த ஒரு தகரப் பேணி வைச்சிருந்தம். ஆருக்கும் ஆசுபத்திரியிலை குளிசை குடுத்தால், காய்ச்சல் விட்ட உடனை மிச்சத்தைக் கொண்டு வந்து அந்தப் பேணியிலை போட வேணும். அது ஒழுங்கைச் சட்டம். டொக்டர் தந்ததை முழுக்கக் குடிச்சு முடிக்கிறவளை எங்களுக்குப் பிடிக்காது. பெருந்தீனிக்காரி எண்டு பட்டம் வைச்சிடுவம்.

பேணிக்கு நான்தான் டொக்டர். வாசிக்கத் தெரியாட்டி என்ன, நிறம் தெரியும்தானே. சிவப்பும் மஞ்சளுமாக் கிடக்கிறது காய்ச்சலுக்கும் புண்ணுக்கும். வெறும் மஞ்சள் வயித்தாலை போறதுக்கு. வெள்ளை, என்ன வருத்தமெண்டு விளங்காட்டிக் குடுக்கிறது. குளிசையைக் கடுதாசியிலை வைச்சு, வெருகல் முருகன்ர திருநீறு ஒரு நுள்ளுப் போட்டு மடிச்சுக் குடுப்பன். முன்வீட்டிலை இருந்தவ முஸ்லிம், கிண்ணியாவிலை பிறந்து இஞ்சை கலியாணம் முடிச்சு வந்தவ. அவவுக்கு மட்டும் திருநீறு இல்லாமல் மடிப்பன். அவ தானே ஏதோ ஓதிப்போட்டு விழுங்குவா. காய்ச்சல் விட்டால், விட்டது என்ர ஆளாலையோ உங்கட ஆளாலையோ எண்டு வேலியிலை நிண்டு ரெண்டு பேரும் கொழுவுவம். குளிசையைப் பற்றி ஒருத்தரும் கதைச்சதில்லை.

பேணி கிடந்தது அரிசிப் பானைக்குள்ளை. அரிசிக்கு அடியிலை தாட்டு வைச்சிருந்தன். அந்த நேரம் கனக்கக் குளிசை வைச்சிருக்கிறதும் துவக்கு வைச்சிருக்கிறதும் ஒண்டுதான். கண்டால், காட்டிலை நிக்கிற இயக்கப் பொடியளுக்கு மருந்து கடத்திறாய் எண்டுதான் சொல்லுவான்கள். அடுத்த ஒழுங்கையிலை ஒரு மனிசனை ஒரு பை மருந்துக்காகக் கூட்டிக்கொண்டு போனவன்கள். அந்தாளின்ர செருப்புச் சோடி கனநாள் வாசலிலை கிடந்தது. பெண்சாதி அதை எடுக்கவும் இல்லை, எடுக்க விடவும் இல்லை. நான் அந்தப் பக்கம் போனால் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நடப்பன்.

உன்ர அம்மாவுக்கு அப்ப பத்தொன்பது வயசு. கரையிலை வலையிலை மீன் தெரிஞ்செடுக்கப் போனவள், கெளிறு மீன் முள்ளிலை மிதிச்சுப்போட்டு வந்தாள். மூண்டாம் நாள் கால் வீங்கி, காய்ச்சலும் பிடிச்சிட்டுது. ரோட்டும் பூட்டு. பின்னேரம் ஒரு சிவப்பு மஞ்சள் குடுத்தன். கொஞ்ச நேரத்திலை உடம்பெல்லாம் கடிக்குதெண்டு சொறிஞ்சாள். முதுகிலை தடிப்புத் தடிப்பாக் கிடந்தது. கண்டனான், பிள்ளை. காணேல்லை எண்டு சொல்லமாட்டன். வெயிலுக்குள்ளை ஆடினால் வேர்க்குரு போடும்தானே எண்டு ஏசிப்போட்டு, விடிய இன்னொண்டு குடுத்தன்.

நான் குசினியிலை இடியப்பம் பிழிஞ்சுகொண்டு நிண்டனான். வந்து கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். பாத்தால் வாய்ச் சொண்டு ரெண்டும் வீங்கிப் பணியாரம் மாதிரி. என்னடி, ஆர் கொஞ்சினது எண்டு பகிடி விட்டன். விட்டுப்போட்டு நானே சிரிச்சன். அவள் சிரிக்கேல்லை. கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். கதைக்க வாயைத் துறக்க, கேத்திலிலை தண்ணி கொதிக்கேக்கை வருமே ஒரு சத்தம், அதுதான் வந்தது.

பிழிஞ்சுகொண்டு நிண்ட உரல் எங்கை விழுந்ததெண்டு தெரியாது. குழறிக் கத்தினனாம். எனக்குக் கேக்கேல்லை. முன்வீட்டுக்காரி ஓடி வந்தா. நான் வாசலிலை சிலை மாதிரி நிண்டிருக்கிறன்.

"பாத்துக்கிட்டு நிக்காதீங்க அக்கா. புள்ளயத் தூக்குங்க" எண்டா.

அவட மனிசன் மீன் விக்கிற தள்ளுவண்டில் வாசலிலை கிடந்தது. பெட்டியை இறக்கிப்போட்டு உன்ர அம்மாவை ஏத்தி, அந்தாள் தள்ள நாங்கள் ரெண்டு பக்கமும் ஓடினம். சென்றியிலை மறிச்சான்கள். அடையாள அட்டையைத் தேடினால், மடியிலை இடியப்ப மாதான் வருது. ஆமிக்காரன் கிட்ட வந்து குனிஞ்சு பாத்தான். முகத்தைப் பாத்திட்டு ஒரு அடி பின்னுக்குப் போய், போ போ எண்டு கையைக் காட்டினான். அவ்வளவுக்கு இருந்தது பிள்ளையின்ர முகம்.

வண்டிலோடை ஓடேக்கை நான் என்ன யோசிச்சனான் எண்டு கேள். அரிசிப் பானையை மூடினனானோ எண்டு யோசிச்சன். அங்கை பிள்ளைக்கு மூச்சு இழுக்குது, எனக்குப் பானை மூடி. பயம் வந்தால் மனிசருக்கு மூளை அப்பிடித்தான் வேலை செய்யும்.

ஆசுபத்திரியிலை கட்டிலிலை போட்ட உடனை ஒரு ஊசி போட்டவை. மூச்சு ஒரு மாதிரி இறங்கி வந்தது. அப்பதான் நான் சுத்திப் பாத்தன். ரெண்டு கட்டில் தள்ளி, காலிலை கட்டுப் போட்ட ஒருத்தனைக் கட்டிலோடை சேத்து விலங்கு போட்டிருந்தது. காவலுக்கு ஒரு சிங்களப் பொலிஸ்காரன் கதிரையிலை துவக்கோடை இருந்து கச்சான் கடலை உடைச்சுக்கொண்டிருந்தான். எங்களுக்கு நேரை பாத்துக்கொண்டு.

புத்தகம் எழுதின அந்த டொக்டரம்மாதான் வந்தவ. அப்ப சின்னப் பிள்ளை, உன்னைவிட ரெண்டு மூண்டு வயசுதான் கூட இருக்கும். என்ன சாப்பிட்டவ, மருந்து ஏதும் குடுத்தனீங்களோ எண்டு கேட்டவ. என்ர கண் பொலிஸ்காரனிலை. வாய் தானாச் சொல்லிச்சுது, மருந்தோ, மல்லித்தண்ணி கூடக் குடுக்கேல்லை, ராத்திரி நண்டுக்கறி சாப்பிட்டவள் எண்டு. மீன் வண்டிலிலை வந்த பிள்ளைதானே, நண்டு எண்டால் மணமும் சாட்சி சொல்லும். அவ எழுதிக்கொண்டா. நான் நல்லாத் தப்பிட்டன் எண்டு நினைச்சன்.

பேந்து அவ காலைப் பாத்தவ. புண் கறுத்துப்போய்க் கிடந்தது. உடனை மருந்து ஏத்த வேணும், இல்லாட்டிக் கால் போயிடும் எண்டா. நேர்ஸ் பிள்ளை ஒரு சின்னப் போத்தலைக் குலுக்கி ஊசியிலை ஏத்திக்கொண்டு வந்தா. டொக்டரம்மா கையைக் காட்டி அவவை நிப்பாட்டிப்போட்டு என்ர பக்கம் திரும்பினவ. முதுகிலை கிடந்த தடிப்பு அவவுக்கு என்னவோ பிடிக்கேல்லைப் போல.

"அம்மா, நான் திரும்பவும் கேக்கிறன். காலுக்கு இப்ப போடப்போறது, சிவப்பும் மஞ்சளுமா ஒரு குளிசை குடுக்கிறமே, அந்தச் சாதி மருந்துதான். அந்தக் குளிசை ஒத்துக்கொள்ளாமல் வீங்கியிருந்தால், இந்த ஊசியோடை பிள்ளை போயிடும். ஏதும் குடிச்சவவோ?"

எனக்குக் காதுக்குள்ளை கடல் இரையிற மாதிரி. பொலிஸ்காரன் கச்சான் உடைக்கிற சத்தம் மட்டும் வடிவாக் கேக்குது. சொன்னால் பேணியைத் தேடி வருவான்கள், என்ர செருப்பும் வாசலிலை கிடக்கும். சொல்லாட்டி ஊசி ஏறும். உன்ர அம்மாவைப் பாத்தன். கண் பாதி மூடிப்போய்க் கிடக்கிறாள். கதைக்க ஏலாது. அந்தக் கண்ணாலை பொலிஸ்காரனைக் காட்டிப்போட்டு, சொல்லாதையுங்கோ எண்டு எனக்குத் தலையை ஆட்டுறாள். என்னைக் காப்பாத்தப் பாக்கிறாள், விசர்ப் பெட்டை.

டொக்டரம்மான்ர காதுக்குள்ளை மெல்லமாச் சொல்லத்தான் குனிஞ்சனான். பயத்திலை குரல் மீன்சந்தைக் குரலா வந்திட்டுது.

"நண்டு இல்லை, அம்மா. நான்தான் அந்தக் குளிசை குடுத்தனான். ரெண்டு."

வார்ட்டு முழுக்கக் கேட்டிருக்கும். விலங்கு போட்டுக் கிடந்தவன் கூடத் திரும்பிப் பாத்தான். நேர்ஸ் பிள்ளை ஊசியை அப்பிடியே தட்டிலை வைச்சவ. டொக்டரம்மா ஒண்டும் ஏசேல்லை. வேற மருந்து கொண்டு வரச் சொல்லிப்போட்டு, துண்டுக் கடுதாசியிலை சிவப்பு மையாலை எழுதத் தொடங்கினா. நான் அவட கையைப் பிடிச்சன்.

"எழுதாதையுங்கோ. கும்பிட்டன்."

"நான் எழுதாட்டி, நாளைக்கு வாற டொக்டர் அதே ஊசியைப் போடுவார்" எண்டா.

கையை விட்டன். அவ எழுதிக் கட்டில் காலடியிலை கொழுவினா. அந்தச் சிவப்பு எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பாக்கப் பாக்க என்ர பேர் மாதிரித்தான் கிடந்தது.

கொஞ்ச நேரத்தாலை பொலிஸ்காரன் எழும்பினான். மடியிலை கிடந்த கச்சான் கோதைத் தட்டிப்போட்டு, துவக்கையும் எடுத்துக்கொண்டு எங்கட கட்டிலடிக்கு வந்தான். துண்டைத் தூக்கிப் பாத்தான். என்னைப் பாத்தான். முருகா, வெருகலுக்கு நடந்தே வாறன் எண்டு நேந்திட்டன்.

"அம்மே, நண்டு கறி கூடாது" எண்டான். ரெண்டு கையாலையும் சொறிஞ்சு காட்டி, "எனக்கும் கூடாது" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் போய்க் கதிரையிலை இருந்திட்டான்.

நண்டு இல்லை, குளிசை எண்டு நான் பேந்து சொன்னது அவனுக்குக் கேக்கேல்லையோ, கேட்டும் கேக்காத மாதிரி இருந்தவனோ, அவன்ர தமிழ் நண்டோடை முடிஞ்சுதோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அதுக்குப் பிறகு கனகாலம், ஜீப் சத்தம் கேட்டால் நான் செருப்பை எடுத்து வீட்டுக்குள்ளை வைச்சிடுவன்.

எட்டு நாளைக்குப் பிறகு உன்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தன். காலும் இருந்தது, ஆளும் இருந்தது. ஒழுங்கையே வாசலிலை நிண்டது. எங்களை ஆசுபத்திரியிலை விட்டிட்டுத் திரும்பி வந்த முன்வீட்டுக்காரி, அண்டைக்கே அரிசிக்குள்ளை கையை விட்டுப் பேணியை எடுத்துத் தன்ர கருவாட்டுப் பெட்டிக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தவ. எல்லாரும் கூடி, ஆசுபத்திரியிலை நான் சொன்ன நண்டைப் பிடிச்சு, கதையும் முடிச்சு வைச்சிருந்தவை.

"நண்டுதானே அக்கா?" எண்டு அவ எல்லாருக்கும் கேக்கக் கேட்டவ. எனக்கு வழி விட்டுத் தந்தவ. ஓம் எண்டு தலையாட்டினால் முடிஞ்சுது.

கருவாடு மணக்கிற பேணியை அவட கையாலை வாங்கி, படியிலை வைச்சு, அதிலேயே இருந்திட்டன். நண்டைப் பேசாதையுங்கோ, அது பாவம், நான் குடுத்த குளிசைதான் பிள்ளையை வீங்க வைச்சது எண்டு சொன்னன். இனி இந்தப் பேணி இல்லை எண்டன். டொக்டர் தந்ததை முழுக்கக் குடிச்சு முடியுங்கோ, மிச்சமெண்டு இஞ்சை கொண்டு வாறவளுக்கு விளக்குமாத்தடிதான் எண்டன். இதுக்குள்ளையிருந்து எடுத்துக் குடிச்சு ஆருக்கும் உடம்பு கடிச்சிருந்தால், தடிச்சிருந்தால், ஆசுபத்திரிக்குப் போற நேரம் அதை முதல் சொல்லுங்கோ எண்டன். பொலிஸ்காரன் பக்கத்திலை நிண்டாலும் சொல்லுங்கோ, ஆர் தந்தது எண்டு கேட்டால் என்ர பேரைச் சொல்லுங்கோ.

சில பேர் கையைச் சொறிஞ்சு பாத்தவை.

திருநீறு வேணுமெண்டால் எப்பவும் போல வாங்கோ எண்டன், அதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் வீங்கினதில்லை.