மூன்றாவது மாடிக்குக் கேட்குமா?

என் வீட்டுக்காரருக்கு அவர் காய்கறி விற்கிற தெருவில் 'இடி' என்று பெயர். தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு "தக்காளீ!" என்று ஒரு குரல் கொடுத்தால், தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும், விழித்திருக்கிற குழந்தை அழும். உடனே மாடி மாடியாக ஜன்னல் திறந்து, கயிற்றில் கட்டிய கூடைகள் இறங்கும். யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். குரலை நம்பிக் கூடையை விட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்கள். இவர் காயைப் போட்டுக் கயிற்றை ஓர் இழு இழுத்தால் கூடை மேலே போகும்.

வீட்டிலும் அதே குரல்தான். குழம்பில் உப்புப் பத்தவில்லை என்று இவர் என்னிடம் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரி உப்புடன் வந்து நிற்பாள். மானம் போகும்.

அந்தத் தொண்டைதான் கட்டிக்கொண்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "மெதுவா பேசலாம். கத்த மட்டும் கூடாது. கத்தினீங்கன்னா குரல் ஒரேயடியா போயிடும்" என்றார்.

"சரிங்க டாக்டர்!" என்று இவர் கரகரவென்று கத்தினார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கத்தாவிட்டால் கூடை இறங்காது. கூடை இறங்காவிட்டால் எங்கள் வீட்டில் உலை ஏறாது. தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய காய்கறிக் கடை வேறு, எப்போது இவர் ஓய்வார் என்று காத்துக் கிடக்கிறது. "செல்போன்ல பேசிப் பதிவு பண்ணிக்கலாங்க. ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கி வண்டியில கட்டிட்டா அது கத்தட்டும்" என்று நான்தான் யோசனை சொன்னேன். யோசனை நல்ல யோசனைதான். செய்தவர்கள்தான் நாங்கள்.

கடைக்காரர் ஸ்பீக்கர்களை வரிசையாக எடுத்து வைத்து, இது தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, இது நாள் முழுக்கச் சார்ஜ் நிற்கும் என்று அடுக்கினார். இவரிடம் இருந்ததோ ஒரே கேள்வி. "மூணாவது மாடிக்குக் கேக்குமா?"

"பாட்டு கேக்க அருமையா இருக்குங்க."

"பாட்டு எதுக்கு? என் கத்திரிக்கா டான்ஸ் ஆடணுமா?"

கடைசியில் இவரே ஒரு பரீட்சை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "க்கும்… இந்தாம்மா, கேக்குதா?" என்று சாதாரணமாகப் பேசிப் போனில் பதிவு செய்தார். அதையே ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் போடுவார். நான் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்று, கேட்டால் கையைத் தூக்க வேண்டும்.

முதலில் ஆரஞ்சுப் பழம் மாதிரி உருண்டையாக ஒன்று. பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. அடுத்ததில் கலர் கலராக விளக்கு எரிந்தது. அந்த அழகில் கேட்கவே மறந்துவிட்டேன். மூன்றாவது, நெட்டையாக ஒரு குழாய். என்ன சொன்னது என்று யாருக்குத் தெரியும்? 'தும் தும்' என்று அதிர்ந்ததில், என் பக்கத்தில் நின்ற பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாகச் சோப்பு டப்பா மாதிரி ஒரு சாம்பல் நிறச் சனியன். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் "இந்தாம்மா, கேக்குதா?" என்று காதோரம் வந்து கேட்டது.

"கேக்குது, கேக்குது! ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்று நானும் பழக்கதோஷத்தில் பதில் கத்திவிட்டேன். பஸ் நிறுத்தமே என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றது. அந்தச் சோப்பு டப்பாவைத்தான் வாங்கினோம்.

இனிமேல் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் வியாபாரக் குரலைப் பதிவு செய்ய உட்கார்ந்தோம். இவர் போனை வாயருகே வைத்து, மூச்சை இழுத்து, "தக்காளீ! வெங்காயம்!" என்று கத்தினார். பதிவு கொரகொரவென்று வந்தது. "சரியா வரல, இன்னும் பலமா" என்றேன். பாவி, நானேதான் சொன்னேன். திரும்பத் திரும்பக் கத்தினார். சத்தத்தைப் பெரிதாக்கத்தானே ஸ்பீக்கர் வாங்கினோம் என்று எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவே இல்லை. கத்தக் கூடாது என்று மிஷின் வாங்கி, அந்த மிஷினுக்காகவே கத்தித் தீர்த்த ஜோடி உலகத்திலேயே நாங்கள்தான்.

காலையில் எழுந்தால் இவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கொரகொரத்ததை எல்லாம் அழித்துவிட்டு, நானே பேசிப் பதிவு செய்தேன். என் குரல் நன்றாகவே இருந்தது. சொல்லிக்கொள்வதில் என்ன தப்பு?

வண்டி தெருவுக்குள் நுழைந்தது. சோப்பு டப்பா என் குரலில் கணீரென்று கூவியது. ஒரு கூடைகூட இறங்கவில்லை. திறந்திருந்த ஒன்றிரண்டு ஜன்னல்களும் சாத்திக்கொண்டன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பினோம். பீன்ஸ் வாடத் தொடங்கியது. கண்ணாடிக் கதவுக் கடைக்கு இரண்டு பேர் பையோடு போனதை இவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். வண்டிப் பிடியைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார். அத்தனை பெரிய மனுஷன் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. இன்னொரு தடவை போடு என்று சைகை காட்டினார். அவசரத்தில் போனில் வேறு எதையோ அழுத்திவிட்டேன்.

"க்கும்… இந்தாம்மா, கேக்குதா?"

மூன்றாவது மாடியில் ஜன்னல் படாரென்று திறந்தது. அங்கே குடியிருக்கும் டீச்சரம்மாவின் குரல். "கேக்குது, கேக்குது! எங்கப்பா போயிட்டே? யாரோ ஒரு பொம்பள வந்து காது கிழியக் கத்திட்டுப் போறா. நீ வருவேன்னுதான் அவகிட்ட வாங்காம உக்காந்திருக்கேன்!"

கூடை இறங்கியது. பக்கத்து ஜன்னலிலிருந்து இன்னொன்று, எதிர்ப்பக்கமிருந்து இரண்டு. கயிறுகளுக்கு நடுவே இவர் அண்ணாந்து நின்றார். கண் நிறைந்துவிட்டது. என் பக்கம் திரும்பி வாயை அசைத்தார். சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான்.

"கேக்குதுங்க, கேக்குது. முதல்ல கூடையை நிரப்புங்க" என்றேன்.